இன்ஹேலர் மருந்தை நுரையீரல்வரை கொண்டுசேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இன்ஹேலரை அழுத்தியதும் வாயோரத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ வெள்ளைப் புகை வெளியே வரக் கூடாது. வந்தால், அந்த அளவுக்கு மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை என்று பொருள். புதிதாக இன்ஹேலர் தொடங்குபவர்களுக்குச் சொல்லித் தரும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் புகையைத்தான். பல ஆண்டுகளாக இன்ஹேலர் எடுப்பவர்களிடமும் அது வருகிறது. "இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் பலருக்கு, குறை மருந்தில் இல்லை; மருந்து உள்ளே போய்ச் சேரவே இல்லை.

ஆஸ்துமாவுக்கோ, சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கோ மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தவர்களுக்கும், வீட்டில் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை பஃப் (ஒரு முறை அழுத்தினால் வரும் அளவு) என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைச் சரியாக உள்ளே அனுப்புவது நம் கையில் இருக்கிறது. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தையும் கூடவே சொல்லியிருக்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் படி மறக்காது.

1. மருந்து போகும் பாதையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

வாய் வழியாகப் போகும் காற்று, தொண்டையின் பின்புறத்தில் ஏறத்தாழ செங்கோணமாகக் கீழே திரும்புகிறது. அங்கிருந்து குரல்வளை, அதற்குக் கீழே பெரியவர்களுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள மூச்சுக்குழாய். அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மேலும் மேலும் பிரிந்து, ஏறத்தாழ 23 முறை கிளைக்கிறது. கடைசியில் இருப்பவை கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள். ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போவதும் கார்பன் டையாக்சைடு வெளியே வருவதும் அங்கேதான். முதல் 16 கிளைப் பிரிவுகள் வரை காற்றைக் கடத்தும் வேலை மட்டுமே நடக்கிறது. சாதாரணமாக ஒரு மூச்சில் உள்ளே போகும் 500 மில்லி லிட்டர் காற்றில் 150 மில்லி லிட்டர் அளவு இந்தக் குழாய்களிலேயே நின்றுவிட்டு, பைகளைத் தொடாமல் திரும்புகிறது.

இந்தக் குழாய்களைச் சுற்றி நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மெல்லிய தசை இருக்கிறது. ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன: தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது. குழாயின் உள்விட்டம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு அது கொடுக்கும் தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. கொஞ்சம் சுருங்கினாலே மூச்சு அவ்வளவு திணறுவதற்கும், கொஞ்சம் விரிந்தாலே அவ்வளவு ஆறுதல் கிடைப்பதற்கும் இதுதான் காரணம்.

இனி மருந்துத் துகளைப் பார்ப்போம். சிறிய குழாய்கள்வரை போய்ப் படிவதற்கு ஏற்ற துகளின் அளவு ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைவிடப் பெரியவை தொண்டையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவற்றில் ஒரு பகுதி, வெளிவிடும் மூச்சோடு திரும்பி வந்துவிடுகிறது. சரியான அளவுள்ள துகள்கூட மிக வேகமாக வந்தால், வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதும் வண்டியைப்போல, தொண்டையின் பின்சுவரில் மோதி நின்றுவிடும். ஆகவே துகளின் வேகம், காற்றின் வேகம், வாய் திறந்திருக்கும் விதம் ஆகிய மூன்றையும் நாம் கட்டுப்படுத்தியாக வேண்டும்.

2. கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

ஒரு வகைக்குச் சரியான முறை இன்னொரு வகைக்கு முற்றிலும் தவறு. பெட்டியைத் திறந்ததும் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்ப்ரே இன்ஹேலரில் உலோகக் குப்பி ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், அழுத்தினால் சீறும். மருந்தை வெளியே தள்ளுவது உள்ளே அடைத்திருக்கும் வாயு. இதற்கு மெதுவான மூச்சு வேண்டும். தூள் இன்ஹேலரில் வாயு கிடையாது. உங்கள் மூச்சின் வேகம்தான் தூளை உடைத்து உள்ளே இழுக்கிறது. இதற்கு வேகமான, ஆழமான மூச்சு வேண்டும். மூன்றாவது வகை, மென்மையான பனிப்புகையாக மருந்தை மெல்ல வெளியிடும் கருவி. இதற்கும் மெதுவான மூச்சே.

அடுத்து, அது எந்த வேலைக்கான மருந்து? சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து, இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை தொடங்கும். 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். பியூடசோனைடு, ஃபுளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தடுப்பு மருந்துகள். இவை வீக்கத்தைக் குறைப்பவை. முழுப் பலன் தெரிய நாட்களோ வாரங்களோ ஆகும். எடுத்த உடனே ஒன்றும் தெரியாததால் இவற்றைத்தான் பலர் முதலில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தியவர்கள் சில வாரங்களில் மீண்டும் இளைப்போடு வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்துமா சிகிச்சைக்கான உலக வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு, 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்ற குறுகிய நேர நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. தசை தளர்ந்தாலும் உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும் என்பதே காரணம். உங்களிடம் நிவாரண இன்ஹேலர் மட்டும்தான் இருக்கிறதென்றால், அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். பியூடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைச் சிலருக்குத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் ஒன்றாகவே கொடுப்பார்கள்; அதுவும் வழக்கமான முறைதான்.

நிறத்தை நம்பாதீர்கள். நிவாரண மருந்து பெரும்பாலும் நீல நிற உறையில் வரும் என்றாலும் எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஒரு துண்டு பிளாஸ்திரியில் "தினமும்" என்றும் "இளைப்பு வந்தால்" என்றும் எழுதி உறையில் ஒட்டிவிடுங்கள். மூச்சு முட்டும் நேரத்தில் சிறிய எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

3. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஸ்ப்ரே இன்ஹேலர் என்றால் ஒரு ஸ்பேசர் வாங்குங்கள். இது, ஒரு முனையில் இன்ஹேலரும் மறுமுனையில் வாயும் பொருந்தும் பிளாஸ்டிக் குழல். வாய் வைக்கும் பக்கத்தில் ஒருவழி வால்வு இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். சீறி வரும் மருந்து இதற்குள் வேகம் தணிகிறது. பெரிய துகள்கள் குழலின் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. நுண்ணியவை உங்கள் மூச்சுக்குக் காத்திருக்கின்றன. குழந்தைக்குத்தான் ஸ்பேசர் என்று எண்ணிப் பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். என் கருத்தில் ஸ்ப்ரே எடுக்கும் எல்லோருக்கும், குறிப்பாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, ஸ்பேசர் வேண்டும்.

காலாவதித் தேதியையும், குப்பியில் டோஸ் எண்ணும் கவுண்டர் இருந்தால் அதன் எண்ணையும் பாருங்கள்.

புதிய குப்பி என்றாலும், சில நாட்களாகத் தொடாத குப்பி என்றாலும், முதலில் குலுக்கி, முகத்துக்கு எதிர்த்திசையில் காற்றில் இரண்டு முதல் நான்கு முறை அடித்துவிடுங்கள். சரியான எண்ணிக்கை பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அளந்து கொடுக்கும் சிறு அறை ஒன்று குப்பிக்குள் இருக்கிறது. அது நிரம்பாமல் இருந்தால் முதல் பஃப்பில் மருந்து குறைவாகவே வரும்.

புதிய பிளாஸ்டிக் ஸ்பேசரை, தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, முதல் முறை பயன்படுத்துவதற்கு முன்பே சோப்பு நீரில் கழுவிக் காயவிடுங்கள். காரணத்தை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

4. ஸ்பேசருடன் எடுக்கும் முறை

முதலில் இரண்டு மூடிகளையும் கழற்றி, வாய் வைக்கும் பகுதிக்குள் பாருங்கள். மூடி இல்லாமல் பையில் கிடந்த இன்ஹேலருக்குள் நாணயம் போன்ற சிறு பொருள் நுழைந்து, மூச்சோடு உள்ளே போய், மருத்துவமனையில் எடுக்க வேண்டி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஒரு நொடிப் பார்வை போதும்.

குப்பி மேலேயும் வாய்ப்பகுதி கீழேயும் இருக்குமாறு பிடித்து, நான்கைந்து முறை நன்றாகக் குலுக்குங்கள். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் மருந்து கரைந்திருப்பதில்லை, துகளாக மிதக்கிறது. சும்மா வைத்திருந்தால் மேலேயோ அடியிலேயோ சேர்ந்துவிடும். குலுக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மறுபடியும் பிரிந்துவிடும் என்பதால் அடுத்த படிகளை உடனே தொடருங்கள். பிறகு அதே நிமிர்ந்த நிலையில் ஸ்பேசரில் பொருத்துங்கள். தலைகீழாகவோ படுக்கை வசமாகவோ பிடித்தால் அளவு அறை சரியாக நிரம்பாது.

நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். முகவாயைச் சற்றே உயர்த்துங்கள். தொண்டை வளைவு கொஞ்சம் நேராகும்.

இப்போது மூச்சை மெதுவாக, வசதியாக முடிகிற அளவுக்கு வெளியே விடுங்கள். அதிகம் பேர் விட்டுவிடும் படி இதுதான். நெஞ்சில் ஏற்கெனவே காற்று நிறைந்திருந்தால் புதிய மூச்சுக்கு இடம் ஏது? மருந்து வாசல்வரை வந்து நின்றுவிடும். ஆனால் இருமல் வரும் அளவுக்குப் பிழிந்து வெளியேற்ற வேண்டாம்.

வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையே வைத்து, உதடுகளால் சுற்றி இறுக மூடுங்கள். நாக்கு கீழே கிடக்கட்டும். நாக்கு எழும்பி வழியை மறைப்பது வெளியே தெரியாது. ஆனால் மருந்தில் பெரும்பகுதி அதன்மேல்தான் படியும். நாக்கில் மருந்தின் சுவை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

குப்பியை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். "இரண்டு பஃப்" என்று எழுதியிருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி, குழலின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படிச் செய்தால் உள்ளே போகும் மருந்து கூடாது, குறையவே செய்யும்.

அழுத்தியதும் தாமதிக்காமல், 3 முதல் 5 நொடிகள் நீளும் ஒரே மெதுவான மூச்சாக உள்ளே இழுங்கள். குழலுக்குள் இருக்கும் துகள்கள் அதிக நேரம் மிதந்துகொண்டிருக்காது. சில நொடிகளிலேயே படியத் தொடங்கும். சில ஸ்பேசர்களில் விசில் ஒலி வரும். மருந்து நன்றாகப் போகிறது என்பதற்கான அடையாளம் அது என்று பலர் மகிழ்கிறார்கள். நேர் எதிர்: நீங்கள் மிக வேகமாக இழுக்கிறீர்கள் என்பதற்கான எச்சரிக்கை அது. ஒலி வராத வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாயை மூடி, 10 நொடிகள் மூச்சைப் பிடித்திருங்கள், முடியாவிட்டால் முடிந்தவரை. ஆழத்தில் உள்ள சிறு குழாய்களில் காற்றின் ஓட்டம் மிகக் குறைவு. அங்கே துகள் தன் எடையால் மெல்ல இறங்கித்தான் படிகிறது. உடனே வெளியே விட்டால், படியாத துகள் திரும்பி வந்துவிடும்.

பிறகு மெல்ல வெளியே விடுங்கள். இரண்டாவது பஃப் தேவையென்றால் 30 நொடி முதல் ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடியும் குலுக்குவதிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது முறை குலுக்க மறப்பது மிகச் சாதாரணம்.

ஒரே மூச்சாக இழுக்கவோ அடக்கவோ முடியாதவர்கள், ஒரு பஃப் அடித்துவிட்டு, ஸ்பேசரை வாயிலிருந்து எடுக்காமல் ஐந்தாறு முறை இயல்பாக மூச்சு விடலாம். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியும்; சில கருவிகளில் "டிக்" என்று கேட்கும். அது அசையவில்லை என்றால் நீங்கள் மூக்கால் மூச்சு விடுகிறீர்கள். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு முறை செய்து பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

5. ஸ்பேசர் இல்லாத நேரத்தில்

ஸ்பேசர் கைவசம் இல்லாதபோது மட்டும் இப்படி எடுங்கள் என்பேன். நன்றாகச் செய்பவருக்கே, வெறும் ஸ்ப்ரே மருந்தில் 10 முதல் 20 விழுக்காடுதான் பொதுவாக நுரையீரலை அடைகிறது. மீதியில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் தங்குகிறது.

குலுக்குவது, மூச்சை வெளியே விடுவது, உதடுகளால் மூடுவது எல்லாம் முன்போலத்தான். மாறுவது ஒன்றே ஒன்று: முதலில் மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்க வேண்டும், இழுக்கத் தொடங்கிய உடனேயே அழுத்த வேண்டும், அழுத்திய பின்னும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அழுத்திவிட்டுப் பிறகு இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி முடிந்துவிட்டிருக்கும். இழுத்து முடியும் நேரத்தில் அழுத்தினால் உள்ளே கொண்டுபோகக் காற்று இருக்காது.

இன்னொரு சிக்கல் குளிர்ச்சி. விரிந்து ஆவியாகும் வாயு தொண்டையில் சில்லென்று பட்டதும், பலர் தம்மை அறியாமலே மூச்சை நிறுத்திவிடுகிறார்கள். அது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், நிறுத்தாமல் தொடரப் பழகிக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள். புகை தெரிந்தால் கையும் மூச்சும் இன்னும் சேரவில்லை.

6. தூள் இன்ஹேலருக்கு முறை வேறு

இதில் கையையும் மூச்சையும் ஒருங்கிணைக்கும் தொல்லை இல்லை. ஆனால் இழுக்கும் வலு வேண்டும்.

மருந்தை ஏற்றியதும் கருவியைக் குலுக்கவோ தலைகீழாக்கவோ கூடாது, தூள் கொட்டிவிடும். மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். ஊதினால் தூள் பறக்கும். மூச்சின் ஈரம் பட்டால் கட்டியாகும். உதடுகளை இறுக மூடி, தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுங்கள். மெல்லத் தொடங்கிப் பிறகு வேகமெடுத்தால் பயன் குறைவு, ஏனென்றால் தூள் கட்டிகள் உடைந்து நுண்துகளாவது அந்த முதல் இழுப்பில்தான். பிறகு 10 நொடிகள் அடக்குங்கள்.

கேப்ஸ்யூல் போடும் வகை என்றால், அந்தக் கேப்ஸ்யூலை விழுங்கக் கூடாது. மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் முதல் முறை நீங்களே பக்கத்தில் இருந்து காட்டுங்கள். துளையிடும் பொத்தான் இருந்தால் ஒரே முறை அழுத்தி விடுங்கள். பலமுறை அழுத்தினால் ஓடு நொறுங்கித் துணுக்குகள் வாய்க்குள் வரும். பல கருவிகளில் இழுக்கும்போது கேப்ஸ்யூல் சுழலும் கிரகிர ஒலி கேட்கும். முடிந்ததும் திறந்து பார்த்து, தூள் மீதமிருந்தால் அதே கேப்ஸ்யூலை இன்னொரு முறை இழுங்கள்.

சில தூள் கருவிகளில் வாயில் சுவையே தெரியாது. வரவில்லை என்று எண்ணி இரண்டாவது முறை எடுக்காதீர்கள். கவுண்டரின் எண்ணைப் பாருங்கள்.

7. குழந்தைகளும் முதியவர்களும்

ஏறத்தாழ 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாஸ்க் பொருத்திய ஸ்பேசர் தேவை. மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, கன்னத்தில் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் குழந்தை வெளிக்காற்றைத்தான் இழுக்கும். மருந்து குழலிலேயே நின்றுவிடும். முகத்துக்கு எதிரே சற்றுத் தள்ளிப் பிடிப்பது கிட்டத்தட்டக் கொடுக்காததற்குச் சமம்.

அழும் குழந்தைக்கு மருந்து நன்றாக உள்ளே போகும் என்ற எண்ணம் தவறு. அழுகை என்பது நீண்ட வெளிமூச்சும் குறுகிய விக்கலான உள்மூச்சும். மருந்து தொண்டைவரைதான் போகும். மாஸ்க்கை வெறுமனே விளையாடக் கொடுத்து, பொம்மைக்குப் போட்டுக் காட்டி, பயம் தெளிந்த பிறகு தொடங்குங்கள். இதற்கு ஓரிரு நாள் செலவானாலும் பரவாயில்லை. இளைப்பு இல்லாத நாட்களில் பழக்கிவிட்டால் நெருக்கடியில் உதவும். குழந்தை சொந்தமாக வாயால் இறுக மூடக் கற்றதும் மாஸ்க்கை விட்டுவிடலாம்.

விரல்களில் வலு குறைந்த முதியவர்கள் இரு கைகளாலும் அழுத்தலாம்: இரண்டு ஆள்காட்டி விரல்கள் மேலே, இரண்டு கட்டைவிரல்கள் கீழே.

மருந்து நீரைப் பனிப்புகையாக மாற்றித் தரும் நெபுலைசர் கருவி வீட்டில் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மிதமான இளைப்புக்கு, ஸ்பேசருடன் சரியாக எடுத்த ஸ்ப்ரே நெபுலைசருக்கு இணையாகவே வேலை செய்கிறது, மின்சாரமும் தேவையில்லை.

8. எடுத்த பிறகு

ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் என்றால், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து, தொண்டைவரை அலசி, துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். வாயில் தங்கும் ஸ்டீராய்டால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளைத் திட்டாகப் பூஞ்சை படரலாம், குரல் கம்மலாம். மாஸ்க் வழியாக எடுத்த குழந்தைக்கு முகத்தையும் துடைத்துவிடுங்கள். பல் துலக்குவதற்குச் சற்று முன் இன்ஹேலர் எடுக்கும் வழக்கம் வைத்துக்கொண்டால், கொப்பளிப்பது தனி வேலையாக இருக்காது, மருந்தும் மறக்காது.

நிவாரண மருந்தும் தடுப்பு மருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லியிருந்தால், நிவாரண மருந்தை முதலில் எடுத்துச் சில நிமிடங்கள் கழித்து மற்றதை எடுப்பது வழக்கம். சால்பியூட்டமால் எடுத்தபின் கை லேசாக நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பலருக்கு வரும். பொதுவாகச் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

9. கழுவுவதும் எண்ணுவதும்

ஸ்பேசரைப் பாகம் பாகமாகக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் விட்டு அலசி, அப்படியே வடிய வைத்துக் காயவிடுங்கள். துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும். அது மருந்துத் துகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். பளபளவென்று துடைத்து வைத்த ஸ்பேசர்தான் மருந்தை அதிகம் தின்றுவிடுகிறது. எவ்வளவு நாளுக்கு ஒரு முறை என்பதைக் கருவியோடு வரும் தாளில் பாருங்கள். பொதுவாக வாரத்துக்கு ஒரு முறையிலிருந்து மாதத்துக்கு ஒரு முறைவரை சொல்லியிருப்பார்கள். வால்வு விறைத்தாலோ கிழிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

ஸ்ப்ரேயின் பிளாஸ்டிக் உறையை, குப்பியை வெளியே எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை நீரில் அலசுங்கள். துளையில் மருந்து படிந்தால் ஸ்ப்ரே சரியாக வராது. குப்பியை நனைக்கக் கூடாது. தூள் கருவிக்குத் தண்ணீரே ஆகாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அதைக் குளியலறையில் வைக்காதீர்கள். ஸ்ப்ரே குப்பியை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள். வெறும் குப்பியானாலும் துளைக்கவோ தீயில் போடவோ கூடாது.

குப்பியில் மருந்து தீர்ந்த பின்னும் வாயு சீறிக்கொண்டிருக்கும். ஆகவே "இன்னும் வருகிறதே" என்பது ஆதாரமில்லை. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கமும் நம்பத் தகுந்ததல்ல. கவுண்டர் இல்லையென்றால் கணக்குப் போடுங்கள்: 200 பஃப் குப்பி, காலை இரண்டு மாலை இரண்டு என்றால் 50 நாட்கள். தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் குப்பியிலேயே எழுதிவிடுங்கள்.

நிவாரண இன்ஹேலரின் கணக்கு இன்னொன்றையும் சொல்லும். ஓர் ஆண்டில் 200 பஃப் கொண்ட குப்பிகள் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடும் இளைப்பு வரும் அபாயம் கூடுகிறது என்று ஜினா எச்சரிக்கிறது. அது புதிய குப்பி வாங்க வேண்டிய நேரம் மட்டுமல்ல, சிகிச்சையையே மறுபடி பார்க்க வேண்டிய நேரம்.

10. முறை சரி, ஆனாலும் இளைப்பு குறையவில்லை என்றால்

மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன், குழாயைச் சுருக்குவது எது என்று தேடுங்கள். புகைதான் முதல் எதிரி. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. சிகரெட் புகை அவற்றின் அசைவைக் குலைக்கிறது. பிறர் விடும் புகையும், அடுப்புப் புகையும், கொசுவுக்குக் கொளுத்தும் சுருளும் கெடுதல்தான். மெத்தை, தலையணையில் வாழும் தூசிப் பூச்சிகள், சுவர்ப் பூஞ்சை, மகரந்தம், குளிர்ந்த வறண்ட காற்று, சளிக்காய்ச்சல் ஆகியவற்றில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறிப்பெடுத்தால்தான் தெரியும். தேதி, இடம், செய்த வேலை, எடுத்த பஃப் என்று ஒரு வரி போதும்.

மாத்திரைகளையும் பாருங்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைத் தூண்டும். புரோப்ரனலால் போன்ற இரத்த அழுத்த மருந்துகளும், கண்ணழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும்கூட மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். கண்ணில் விட்ட மருந்துக்கும் நெஞ்சுக்கும் தொடர்பிருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எழுதிய மருத்துவரிடம் உங்களுக்கு ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள்.

மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃபுளோ மீட்டர் இருந்தால் ஊகம் குறையும். நின்றுகொண்டு, முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, அவற்றில் அதிகமானதை எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். நன்றாக இருக்கும் நாட்களில் வரும் உங்கள் உச்ச அளவோடு ஒப்பிட்டு, 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 50 முதல் 80 வரை எச்சரிக்கை. 50க்குக் கீழே ஆபத்து.

11. உடனே உதவி தேட வேண்டிய நேரம்

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசுவது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, மயக்கமோ குழப்பமோ, நிவாரண மருந்து எடுத்தும் தணியாமல் இருப்பது, தணிந்தும் சீக்கிரமே திரும்புவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். இளைப்பின்போது நெஞ்சிலிருந்து வரும் விசில் சத்தம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். மூச்சு இன்னும் சிரமமாக இருக்க, சத்தம் மட்டும் அடங்கினால், காற்றே போகவில்லை என்று பொருள். அது மிக ஆபத்தான நிலை.

ஆம்புலன்ஸை அழையுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுத்தால், நுரையீரலுக்குக் கீழே மூச்சுக்கு உதவும் தசையான உதரவிதானம் இறங்க இடம் குறையும். மருத்துவர் எழுதிக் கொடுத்த செயல்திட்டம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், முதலுதவியில் பரவலாகச் சொல்லித் தரும் முறை இது: சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சுகள், நான்கு நிமிடம் காத்திருந்து, தணியாவிட்டால் மீண்டும் நான்கு, உதவி வரும்வரை இதையே தொடரலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா இன்ஹேலர்களையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை பஃப் கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூச்சு முட்டுபவரால் அதைச் சொல்ல முடியாது. அங்குள்ள மருத்துவர் அடுத்த மருந்தின் அளவை முடிவு செய்ய அந்தத் தாள் உதவும்.